பன்றி ஓட்டும் கார், பக்கத்துக்கு ஒரு பூச்சி

கேள்வி: “எண்பதுகளின் கடைசியில் சவுதியிலிருந்து வந்த மாமா ஒரு பெரிய படப்புத்தகம் கொண்டுவந்தார். பக்கம் கொள்ளாமல் வண்டிகள். ஒரு பன்றிக் குடும்பம் காரில் போகும். பென்சில் மாதிரி ஒரு கார் உண்டு. எங்காவது ஒரு மஞ்சள் பூச்சி ஒளிந்திருக்கும். அட்டை கிழிந்துபோனதால் பெயர் தெரியாது. இப்போது என் மகனுக்கு நான்கு வயது. அது என்ன புத்தகம், இன்னும் கிடைக்குமா? எத்தனையோ கதை மறந்துவிட்டது, அந்தப் பூச்சி மட்டும் ஏன் மறக்கவில்லை?”

பன்றிக் குடும்பம், பென்சில் கார், மஞ்சள் பூச்சி. மூன்றும் ஒரே புத்தகத்தில் என்றால் சந்தேகமே வேண்டாம். ரிச்சர்ட் ஸ்கேரி எழுதி வரைந்து 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கார்ஸ் அண்ட் டிரக்ஸ் அண்ட் திங்ஸ் தட் கோ’. பூச்சியின் பெயர் கோல்ட்பக். நான் பழைய புத்தகக் கடை நடத்துகிறவன். இதைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் கேட்பார்கள். ஆசிரியர் பெயர் வராது, தலைப்பு வராது, கதையும் வராது. “ஒரு பூச்சி இருக்கும் சார்” என்று ஆரம்பிப்பார்கள். அது போதும், நான் ஏணியை எடுக்கப் போய்விடுவேன்.

கதை வராததற்கு நினைவைக் குறை சொல்ல முடியாது. கதை அவ்வளவுதான். அப்பா பன்றி, அம்மா பன்றி, பென்னி, பிக்கிள்ஸ் என்ற இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் கடற்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு காரில் கிளம்புகிறார்கள். போகிறார்கள், வருகிறார்கள். சுமார் 70 பக்கம். ஆனால் அவர்கள் போகிற சாலை இருக்கிறதே, அதுதான் புத்தகம். சிமென்ட் கலக்கும் லாரி, ரோடு ரோலர், புல்டோசர், தீயணைப்பு வண்டி, குப்பை லாரி, பழுதான காரைக் கொக்கி போட்டு இழுத்துப் போகும் வண்டி என்று நிஜமானவை ஒருபுறம். அவற்றுக்கு நடுவே எந்தக் கூச்சமும் இல்லாமல் பென்சில் கார், வாழைப்பழக் கார், மக்காச்சோளக் கார், முதலை கார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும். ரோடு ரோலருக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை வாழைப்பழக் காருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே இதுவரை பார்க்காத வண்டிகள்தானே. எது நிஜம், எது கேலி என்று பிள்ளையே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாலையில் வேறு கதைகளும் ஓடுகின்றன. டிங்கோ என்ற நாய் கண்மண் தெரியாமல் காரோட்டி, வழியில் இருக்கிற பார்க்கிங் மீட்டர்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போகிறது. ஃப்ளாஸி என்ற போலீஸ்காரி சைக்கிளில் துரத்துகிறாள். காரைச் சைக்கிளில்! பக்கத்துக்குப் பக்கம் துரத்தல். பிடித்தாளா என்று நான் சொல்லப்போவதில்லை, உங்கள் மகன் சொல்லட்டும். வண்டிகளைப் பழுது பார்க்க ஒரு எலியம்மாள் வருகிறாள். 1974-இல் ஒரு பெண்ணை மெக்கானிக்காக வரைந்தது சின்ன விஷயமில்லை.

ஸ்கேரியைப் பற்றிக் கொஞ்சம். 1919-இல் பாஸ்டனில் பிறந்தவர், அங்கேயே ஓவியம் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். திரும்பி வந்து பல வருஷம் மற்றவர்கள் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். தனியாகப் பெயர் எடுத்தது 1963-இல், ‘பெஸ்ட் வேர்ட் புக் எவர்’ மூலம். ஆயிரத்து நானூறுக்கு மேல் பொருள்களை வரைந்து பெயர் எழுதிய புத்தகம் அது. 1968-இல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார். 1994-இல் அங்கேதான் இறந்தார். எழுதியும் வரைந்தும் 300 புத்தகங்களுக்கு மேல், விற்ற பிரதிகள் 10 கோடிக்கு மேல்.

ஏன் எல்லாம் விலங்குகள்? அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது. பொன்னிற முடிச் சிறுமியை வரைந்தால், படத்தில் இருப்பது தானல்ல என்று கருப்பு முடிச் சிறுமிக்குத் தெரிந்துவிடும். விலங்கை வரைந்தால் அந்தச் சிக்கல் இல்லை, எந்தப் பிள்ளையும் உள்ளே புகுந்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. மாமாவின் பெட்டியில் இங்கே வந்து இறங்கிய ஒரு வெளிநாட்டுப் புத்தகம் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கார் ஓட்டுகிற பன்றி எந்த ஊர்க்காரர் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

சரி, பூச்சி ஏன் மறக்கவில்லை?

என் தொழிலில் ஒன்று கவனித்திருக்கிறேன். சாதாரணக் கதைப் புத்தகத்தில் அழுக்கு ஓரத்தில் இருக்கும், பக்கம் புரட்டுகிற மூலையில். இந்த மாதிரிப் புத்தகங்களில் அழுக்கு பக்கத்தின் நடுவில் இருக்கும். எண்ணெய்க் கையோடு விரல் வைத்து ஒவ்வொரு வண்டியாகத் தடவித் தேடிய அழுக்கு. சிலது அந்த இடங்களில் பளபளப்பே போய் மங்கியிருக்கும். விலை போடும்போது இதைக் குறையாகத்தான் கணக்கிட வேண்டும், எனக்கு மனசு வருவதில்லை.

ஒருமுறை ஒரு பிரதி வந்தது. பழைய உரிமையாளர் யாரோ, எல்லாக் கோல்ட்பக்கையும் நீலப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அது இந்தப் புத்தகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை, அடுத்தவருக்கு விளையாட்டே போச்சு. ஆனால் ஒரே ஒரு இரட்டைப் பக்கத்தில் மட்டும் வட்டம் இல்லை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம், நானே உட்கார்ந்து தேடினேன். கால் மணி நேரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம். கிடைக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு பெண்மணி தன் மகளோடு வந்தார், பிள்ளைக்கு உங்கள் மகன் வயதுதான் இருக்கும். அம்மா வேறு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்து, “இங்கே ஒரு மஞ்சள் பூச்சி இருக்கு, தெரியுதா பாப்பா?” என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. விரலை வைத்துவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் உங்கள் கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கிற மற்ற எல்லாப் புத்தகத்திலும் பெரியவருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. எழுத்து அவர்கள் பக்கம். அடுத்து என்ன வரும் என்பது அவர்கள் வாயில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் அது தலைகீழ். படிக்கத் தெரிந்தவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டு போவார், படிக்கத் தெரியாதவன் படத்தைப் பார்ப்பான், பூச்சி படத்தில் இருக்கிறது. உங்கள் அம்மாவோ அப்பாவோ மாமாவோ தேடித் தடுமாறியபோது நீங்கள் முந்திக்கொண்டு கண்டுபிடித்திருப்பீர்கள். மூன்று நான்கு வயதில் வீட்டுப் பெரியவர்களை ஜெயிக்க வேறு என்ன வழி இருந்தது? ஜெயித்தது மறக்காது.

பெரியவர்கள் பாசத்தில் தோற்பது போல நடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே தோற்கிறோம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த சிவப்பு, பச்சை வடிவங்களைக் காட்டி, ஒரு நிறத்தை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். சிவப்பைக் கவனி என்றால், சிவப்பில் நடந்த மாற்றத்தைப் பெரியவர்கள்தான் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள், 94 விழுக்காடு. பிள்ளைகள் 86. ஆனால் கவனிக்கச் சொல்லாத பச்சையில் மாற்றம் வந்தபோது பிள்ளைகள் 77, பெரியவர்கள் 63. நம் மூளை தேவையில்லாததை ஓரம் தள்ளப் பழகிவிட்டது. பிள்ளைக்கு அந்த வடிகட்டி இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, எல்லாமே உள்ளே போகிறது. ‘கவனமே இல்லை’ என்று நாம் திட்டுகிற அதே குணம், லாரியின் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற பூச்சிக்கு வரும்போது பலமாகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் சொல்லலாம். நம் வாரப் பத்திரிகைகளில் ‘ஆறு வித்தியாசம்’ வரும் இல்லையா, அதுவும் தேடுகிற சுகம்தான். ஆனால் ஆறையும் கண்டுபிடித்ததும் அந்தப் படம் செத்துப்போகிறது, திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஸ்கேரியின் பக்கம் அப்படி முடிவதில்லை. பூச்சி கிடைத்தபின் டிங்கோ எங்கே, அவன் எந்த மீட்டரைச் சாய்த்தான், அந்தப் பாலத்தின் கீழே யார் என்று போய்க்கொண்டே இருக்கும். பூச்சி ஒரு சாக்கு. அதைத் தேடுகிற சாக்கில் பிள்ளை ஒரு முழு ஊரையும் பார்த்துவிடுகிறது.

இதே காரணத்தால்தான் 1987-இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் தொடங்கிய ‘வேர் இஸ் வாலி’ வரிசையை நான் இதோடு சேர்ப்பதில்லை. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரரைக் கூட்டத்தில் தேடுவது. உலகமே கொண்டாடியது, நானும் நிறைய விற்றிருக்கிறேன். ஆனால் அங்கே தேடுவதே வேலை, கூட்டம் அதற்கு இடைஞ்சல். ஆள் கிடைத்தாரா, அடுத்த பக்கம். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அந்தக் கூட்டத்துக்குள்ளும் நல்ல நல்ல வேடிக்கைகள் உண்டுதான். இருந்தாலும் எட்டு வயதுக்கு அது, நாலு வயதுக்கு இது.

இந்த வகைக்கு ஜெர்மனியில் ஒரு பெயரே இருக்கிறது, ‘விம்மல்பூக்’. நம் காதுக்கு யாரோ விம்மி அழுவது போலக் கேட்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு மொய்ப்பது, நெருக்கியடிப்பது என்று பொருள். அதே நேரம், பழந்தமிழில் விம்முதல் என்றால் நிறைந்து பொங்குவது என்றும் உண்டு. தற்செயல்தான், ஆனாலும் இந்தப் பக்கங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அங்கே இந்த வகையின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் மியூனிக்கைச் சேர்ந்த அலி மிட்குச். அவருடைய முதல் புத்தகம் 1968-இல் வந்தது, ஒரு நகரத்தை மேலிருந்து பார்ப்பது போல, வார்த்தையே இல்லாமல். மறுவருஷம் ஜெர்மனியின் சிறுவர் இலக்கிய விருது அதற்குக் கிடைத்தது. 2022 ஜனவரியில் அவர் இறந்தபோது, அவர் படங்களைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டிகளே இருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் பீட்டர் புரூகல் என்ற பழைய ஓவியரிடம் போய் நிற்போம். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிற அவருடைய 1560-ஆம் வருஷத்து ஓவியத்தில் 200-க்கு மேற்பட்ட பிள்ளைகள் 80-க்கு மேற்பட்ட விளையாட்டுகளை விளையாடுகிறார்கள். பச்சைக்குதிரை தாண்டுவது, கோலியாட்டம், வளையம் உருட்டுவது என்று நமக்கும் தெரிந்தவை அதில் உண்டு. வண்டிதான் இல்லை.

ஜப்பானியர் மிட்சுமாசா ஆனோவின் பயணப் புத்தகத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1977-இல் வந்தது. ஒரு சொல் கிடையாது. குதிரையில் ஒருவர் ஐரோப்பியக் கிராமங்கள் வழியே போய்க்கொண்டே இருப்பார், பக்கத்துக்குப் பக்கம் அவரைத் தேட வேண்டும். வயலில் கதிர் பொறுக்கும் பெண்களைப் பார்த்தால், அது மில்லேயின் புகழ்பெற்ற ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று பெரியவருக்குப் பொறிதட்டும். அதாவது, இந்த வகையில் பெரியவருக்கும் ஒரு பங்கு ஒளித்து வைத்த புத்தகம் அது. எனக்கென்று வீட்டில் வைத்திருப்பது அதைத்தான்.

ஆங்கிலப் புத்தகங்களிலேயே, மஞ்சள் பூச்சி இல்லை, மஞ்சள் வாத்து என்று யாராவது சொன்னால் அது வேறு. ஸ்டீஃபன் கார்ட்ரைட் படம் வரைந்த, லண்டன் அஸ்போர்ன் பதிப்பகத்தின் பண்ணைக் கதைகள். ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும் ஒரு குட்டி வாத்து. தொப்பி வைத்து ஒற்றைக் காலணி போட்ட புழு என்றால் மறுபடியும் ஸ்கேரிதான், ஆனால் வேறு புத்தகங்கள். நினைவில் இவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பூச்சியும் புழுவும் வாத்தும் ஒரே புத்தகத்தில் இருந்ததாகச் சத்தியம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இருந்தால் நானே வாங்கிக்கொள்வேன்.

வாங்குவது பற்றி. புத்தகம் அச்சில்தான் இருக்கிறது. 2024-இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு ஒன்று வந்தது, ஸ்கேரியின் மகன் ஹக் பின்னுரை எழுதியிருக்கிறார். அவரும் ஓவியர்தான். ஒரு எச்சரிக்கை: வாங்கும்போது பக்க எண்ணிக்கையும் அளவும் பாருங்கள். தடித்த அட்டையில் சுருக்கிப் போட்ட சின்னப் பதிப்புகளும் இந்த ஆசிரியர் பெயரில் நிறைய உலவுகின்றன. படம் சின்னதானால் இந்த வகையில் எல்லாமே போயிற்று. பெரிய அளவு, முழுப் பதிப்பு, அதற்குக் குறைந்து வேண்டாம். பழைய பிரதி வாங்கினால் நடுத் தையலைப் பிரித்துப் பாருங்கள், இரட்டைப் பக்கப் படம் என்பதால் பிள்ளைகள் அங்கேதான் அழுத்தி விரிப்பார்கள், கிழிசல் அங்கேதான் வரும். அப்புறம், பேனா வட்டம் இருக்கிறதா என்றும்.

அவருடைய வேறு புத்தகமும் வாங்குவதாக இருந்தால் 1968-இல் வந்த ‘வாட் டு பீப்பிள் டூ ஆல் டே’. சாலை எப்படிப் போடுகிறார்கள், கோதுமை எப்படி ரொட்டியாகிறது, நிலக்கரியிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்று வீட்டுச் சுவரையும் ஆலைச் சுவரையும் கழற்றிவிட்டு உள்ளே காட்டுகிற புத்தகம். இதற்கும் வெட்டிச் சுருக்கிய பதிப்புகள் உண்டு, பின்னட்டையைப் பார்த்து வாங்குங்கள். முன்பு சொன்ன 1963-ஆம் வருஷத்து ‘பெஸ்ட் வேர்ட் புக் எவர்’ பழைய பிரதி கிடைத்தால் இன்னொரு வேடிக்கை. பின்னால் வந்த பதிப்புகளில் அவரே நிறைய மாற்றியிருக்கிறார். பழையதில் சமையலறையில் அம்மா மட்டும், புதியதில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். தீப்பிடித்த வீட்டின் ஜன்னலில் கத்துகிற பூனைக்குப் பழைய பதிப்பில் ‘அலறும் அழகிய சீமாட்டி’ என்ற பொருளில் பெயர், புதியதில் ‘ஆபத்தில் உள்ள பூனை’. மாற்றியது நல்லதுதான். பழையதோடு வளர்ந்தவர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள், அவர்களுக்குத் தாங்கள் பார்த்து வளர்ந்த பக்கம்தான் வேண்டும், நியாயம் வேண்டாம்.

மகனோடு பார்க்கும்போது ஒன்றே ஒன்று: பூச்சி உங்களுக்கு முதலில் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். முதல் நாள் பாதிப் பக்கங்களில் உங்களுக்குத் தெரியாது, அதனால் பெரிதாகக் கஷ்டப்பட வேண்டியிருக்காது. எழுத்தை வரிசையாகப் படித்துக்காட்டவும் அவசரப்பட வேண்டாம். அவன் எந்த வண்டியில் விரல் வைக்கிறானோ அதன் பெயரை மட்டும் சொன்னால் போதும். ரோடு ரோலர், பொக்லைன் எல்லாம் நம் தெருவிலேயே அவன் பார்த்திருப்பான், வாழைப்பழக் காருக்கு மட்டும் நீங்கள் கொஞ்சம் விளக்க வேண்டிவரும்.

உங்கள் நினைவில் அந்தப் பூச்சி கடைசியாக எந்த வண்டியில் இருந்தது என்று புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வந்ததும் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.